கெட்டித் தக்காளியும் பச்சைத் தோளும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "உழவர் சந்தையில் வாங்கும் நாட்டுத் தக்காளி இரண்டே நாளில் குழைந்துவிடுகிறது. கடையில் வாங்கும் கெட்டித் தக்காளி பத்து நாள் கல்லாட்டம் இருக்கிறது, ஆனால் ரசத்தில் போட்டால் மணமே இல்லை. அது மரபணு மாற்றிய தக்காளி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? ருசிக்கும் இருப்புக்கும் மரபணு மாற்றியது மேலா, பழைய முறையில் உருவாக்கிய ரகம் மேலா?"

பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மஞ்சக்குப்பத்திலும் சரி, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் சரி, மரபணு மாற்றிய தக்காளி விற்பனைக்கு இல்லை. நம் நாட்டு விவசாயிகள் அனுமதியோடு பெரிய அளவில் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். அதற்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைத் தாங்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பி.டி. கத்தரி 2009-இல் மத்திய மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வரை வந்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். இந்தக் கதையில் உங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவைச் சேர்த்துப் பார்த்த நான்கு கத்தரி ரகங்களில் ஒன்று பாலூர்-1. பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் அது. நிறுத்திவைப்போடு அதுவும் அலமாரிக்குள் போய்விட்டது. பிறகு 2022 அக்டோபரில் ஒரு கடுகுக்கு அனுமதி தந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024-இல் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். தக்காளி இந்த வரிசையில் வந்து நிற்கவே இல்லை.

குழப்பம் 'ஹைபிரிட்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. வேளாண்மைத் துறை இதை வீரிய ஒட்டு ரகம் என்கிறது. காய்கறி ரகங்களோடு முப்பது ஆண்டு காலம் தள்ளியவன் நான். இந்த வேலையைக் கையால் செய்திருக்கிறேன். நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்று மாலை இடுக்கியால் மெல்லத் திறந்து, உள்ளே குழல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் பைகளை உரித்து எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை வேறொரு ரகத்தின் மகரந்தத்தை விரல் நுனியில் எடுத்து, அந்தப் பூவின் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போக வேண்டும். வித்தை அவ்வளவுதான். வண்டு செய்யக்கூடியதை மனிதன் கணக்குப் பார்த்துச் செய்கிறான். இதில் வெளி உயிரின் மரபணு எதுவும் நுழைவதில்லை. நம்பாதவர்கள் கெட்டித் தக்காளி ஒன்றின் விதையை எடுத்து மாடியில் போட்டுப் பாருங்கள். பத்துச் செடி வந்தால் ஒன்று நீள்காய், ஒன்று உருண்டை, ஒன்று நோஞ்சான் என்று பத்தும் வேறு வேறாக நிற்கும். பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து வெளியே வருகின்றன. ஒட்டு ரகத்துக்கு அதுவே சாட்சி.

நாட்டுத் தக்காளியையும் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். தென் அமெரிக்காவில் பிறந்து, மெக்சிகோவில் வளர்ந்து, கப்பலேறி வந்த பயிர் இது. பழைய அகராதியைப் புரட்டினால் 'சீமைத்தக்காளி' என்றுதான் இருக்கும். வெறும் தக்காளி என்ற பெயர் அப்போது இங்கே வேலியோரம் விளைந்த சிறு பழங்களுக்குரியது. இன்று நாட்டுத் தக்காளி என்ற பெயரில் விற்பவற்றில் முக்கியமானது பெரியகுளத்தில் 1978-இல் வெளியிட்ட பிகேஎம்-1. அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையின் விதையில் திடீர் மாற்றத்தைச் செயற்கையாகத் தூண்டி, அதிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம் அது. அதாவது எந்த மரபணு எங்கே மாறியது என்று ஒருவருக்கும் தெரியாமலே ஒட்டுமொத்தமாகக் குலுக்கி, வந்ததில் நல்லதை வைத்துக்கொண்டார்கள். அதை நாம் பாரம்பரியம் என்கிறோம். ஒரே ஒரு மரபணுவைத் தெரிந்து தொட்டால் மட்டும் பதறுகிறோம். எனக்கு இதில் கோபம் இல்லை, வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ருசிக்கு வருவோம். பெரிய மார்க்கெட்டில் "நாடா, பெங்களூரா?" என்று கேட்பார்கள். போன வாரம் இரண்டிலும் கால் கிலோ வாங்கிவந்து அரிவாள்மனையில் வைத்தேன். நாட்டுப் பழம் தட்டையாக, வரி விழுந்து, காம்படியில் ஒரு சிறு வெடிப்போடு இருந்தது. வெட்டியதும் ஆறேழு அறைகள். அறை நிறைய விதையும் வழவழப்பான கூழும். சாறு மனையிலிருந்து தரைக்கு ஓடியது. பெங்களூர்ப் பழம் முட்டை வடிவம். உள்ளே மூன்றே அறைகள், சுவர் மட்டும் என் சுண்டுவிரல் கனம், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. லாரியில் பெட்டி மேல் பெட்டி அடுக்கிக் கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வரும் பழம் இப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆனால் தக்காளியின் புளிப்பு பெரிதும் அந்தக் கூழில்தான் இருக்கிறது. நாக்கில் நின்று ஊறும் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டும் சதையைவிடக் கூழில் மூன்று மடங்குக்கு மேல். சுவரைக் கூட்டிக் கூழைக் குறைத்த பழம் ரசத்தில் தோற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். விதையை நீக்கிவிட்டு ரசம் வைக்கச் சொல்லும் சமையல் குறிப்புகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சர்க்கரையும் புளிப்பும் நாக்குக்கு. மணம் மூக்குக்கு. தக்காளியின் மணம் ஒரு பொருளால் வருவதில்லை, இரண்டு மூன்று டஜன் ஆவிப் பொருள்கள் துளித்துளியாகச் சேர்ந்து தருவது. அவற்றில் சில, பழத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் தரும் நிறமிகள் உடைவதிலிருந்தே பிறக்கின்றன. நிறம் ஏறாமல் அந்த மணம் வராது. காய் பழுக்கத் தொடங்கும்போது எத்திலீன் என்ற வாயு உள்ளேயே சுரந்து ஒரே நேரத்தில் பல கதவுகளைத் திறக்கிறது: பச்சை மறைகிறது, சிவப்பு ஏறுகிறது, மணம் பிறக்கிறது, சதையைக் கட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்து பழம் இளகுகிறது. இருப்பு வேண்டும் என்பவர் கடைசிக் கதவை மட்டும் சாத்தப் பார்க்கிறார். ஆனால் எல்லாக் கதவுக்கும் சாவி ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கேள்வியின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

பழைய முறையில் அந்தச் சாவியையே கழற்றிப் பார்த்தார்கள். 'ரின்' என்று ஒரு இயற்கைத் திடீர் மாற்றம் உண்டு; 1960-களில் அமெரிக்காவில் கவனித்தார்கள். இதன் இரண்டு பிரதிகளும் உள்ள செடியில் பழம் பழுக்கவே பழுக்காது. மாணவனாக இருந்தபோது சோதனை வயலிலிருந்து அப்படி ஒன்றைப் பறித்து வந்து விடுதி ஜன்னலில் வைத்தேன். தீபாவளிக்கு முன்னால் வைத்தது, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் அப்படியே இருந்தது. எலுமிச்சை மஞ்சள் நிறம், தட்டினால் டொக்கென்று சத்தம், முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. அறைத் தோழன் அதை மேசைப் பந்து என்றான். இந்த ரின்னை ஒரு பக்கத்துப் பெற்றோரில் மட்டும் வைத்து ஒட்டுக் கட்டினால் பழம் பழுக்கும், ஆனால் தாமதமாகவும் அரைகுறையாகவும் பழுக்கும், வாரக்கணக்கில் கெடாது. உலகின் பல நாடுகளில் நீண்ட நாள் இருக்கும் தக்காளிகள் இந்த வழியில் வந்தவை. சாவியையே பாதி திருகிவிட்டதால் மணமும் பாதி போயிற்று. மரபணு மாற்றம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று இதைவிட வருத்தமானது, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பிகேஎம்-1 காயைப் பறிக்கும் முன் பார்த்திருக்கிறீர்களா? காம்பைச் சுற்றி தோளில் ஒரு கரும்பச்சை படர்ந்திருக்கும். பழுத்த பிறகும் சில நேரம் அந்த இடம் பசுமஞ்சளாக நிற்கும். வியாபாரிக்கு அது குறை. எது பழுத்தது, எப்போது பறிப்பது என்று ஆளுக்குக் குழப்பம். ஆகவே காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளையே எழுபது ஆண்டுகளாக உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல்தான் காரணம் வெளிவந்தது. சீராகச் சிவக்க வைத்த அந்த மாற்றம், காயில் பச்சையத்தை வளர்க்கும் ஒரு மரபணுவின் பழுது. பச்சைத் தோள் வெறும் நிறம் இல்லை. அங்கே காயே வெயிலை வாங்கிச் சர்க்கரை சேர்க்கிறது. அழகுக்காகத் தோளைத் துடைத்தவர்கள், தெரியாமலே கொஞ்சம் இனிப்பையும் துடைத்துவிட்டார்கள். அது தெரிந்த நாளிலிருந்து தோளில் பச்சை உள்ள பழத்தைத்தான் நான் கூடையில் தேடி எடுக்கிறேன். கடைக்காரர் என்னை விவரமில்லாதவன் என்று நினைத்திருப்பார்.

2017-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் சீன ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 398 வகைத் தக்காளிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தார்கள். புதிய வணிக ரகங்களில் மணம் தரும் 13 பொருள்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. பழம் பெரிதாகப் பெரிதாகச் சர்க்கரை நீர்த்துப் போவதும் தெரிந்தது. யாரும் ருசியைத் திட்டமிட்டு அழிக்கவில்லை. விளைச்சல், நோய் எதிர்ப்பு, கெட்டித்தன்மை இவற்றையே ஒவ்வொரு தலைமுறையிலும் அளந்தார்கள். மணத்தை அளக்கக் கருவியும் இல்லை, அதற்குக் காசு தருபவரும் இல்லை. அளக்காத குணம் கசிந்து போனது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். செடிக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் தாங்குகிறது என்று பதிவேட்டில் எழுதிய நாட்களில், ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து எழுத ஒரு பத்தி இருந்ததில்லை.

அதற்காகப் பழைய முறையை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இலைச்சுருள் வைரஸையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் குணங்களைக் காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து கொண்டுவந்தது அந்த முறைதான். கலிபோர்னியாவின் சார்லஸ் ரிக் கலாபகஸ் தீவுகளில் எடுத்த காட்டுத் தக்காளி விதை முளைக்க மறுத்தபோது, அந்தத் தீவின் ராட்சத ஆமைக்கு அதைத் தின்னக் கொடுத்து, சாணத்திலிருந்து பொறுக்கி விதைத்தார். முளைத்தது! அந்த மாதிரிப் பொறுமைக்காரர்கள் இல்லாமல் இன்று ஆடிப்பட்டத்தில் ஒரு தக்காளித் தோட்டமும் நிற்காது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் மூன்று நோய்களைத் தாங்குகிறது, பழமும் பல நாள் இருக்கிறது. அதுவும் ஒட்டு ரகமே.

மரபணு மாற்றம் என்ன சாதித்தது? முதல் முயற்சியே தக்காளியில்தான். கால்ஜீன் என்ற கலிபோர்னிய நிறுவனத்தின் 'பிளேவர் சேவர்' 1994 மே மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. மரபணு மாற்றி, உணவாக விற்பனைக்கு வந்த முதல் முழுப் பயிர் அது. பெக்டினைக் கரைக்கும் ஒரு நொதியின் மரபணுவைத் தலைகீழாகப் புகுத்தி, அந்த நொதியை அடக்கியிருந்தார்கள். காயாகப் பறிக்க வேண்டாம், செடியிலேயே சிவக்கவிட்டுப் பறிக்கலாம், ருசி வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் பழம் அழுகுவது தள்ளிப்போனதே தவிர, லாரிப் பயணத்தைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாகவில்லை. பெக்டினைக் கரைக்கும் வேலையில் அந்த ஒரு நொதி மட்டும் இல்லை. மரபணுவை ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்ட ரகமும் வயலில் சுமாரானது. விலை கட்டுப்படியாகாமல் 1997-இல் விற்பனை நின்றது. நல்ல மேளக்காரரை அழைத்து ஓட்டை மேளத்தைக் கையில் கொடுத்த கதை. இங்கிலாந்தில் 1996-இல் மரபணு மாற்றிய தக்காளி விழுது டப்பாவில் வந்தது. சாதாரண விழுதைவிட மலிவு, நன்றாகவே விற்றது, எதிர்ப்பு வலுத்ததும் 1999-இல் மறைந்தது.

நம் நாட்டிலும் நல்ல வேலை நடந்தது. டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத் தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆசிஸ் தத்தாவின் குழு, பெக்டினை விட்டுவிட்டு, பழத்தின் செல்சுவரில் உள்ள சர்க்கரைப் புரதங்களை உடைக்கும் இரண்டு நொதிகளை அடக்கியது. சாதாரணப் பழம் 15 நாளில் சுருங்கியபோது அந்தப் பழம் 45 நாள் வரை கெட்டியாக இருந்தது என்று 2010-இல் வெளியிட்டார்கள். பி.டி. கத்தரி நின்றுபோன அதே ஆண்டு! ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அது நம் சந்தைக்கு வரவில்லை. பிறகு 2016-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு, பெக்டேட் லயேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கியபோது நிறமும் மணமும் குறையாமல் பழம் கெட்டியாக இருந்தது. கடைசிக் கதவுக்கென்று ஒரு தனித் தாழ்ப்பாள் உண்டு என்று அப்போதுதான் கையில் அகப்பட்டது. ஒட்டுக் கட்டிக்கொண்டே இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

அண்மைக் காலத்தில் பேசப்படுவது மரபணுத் திருத்தம், அதாவது கிரிஸ்பர். இதில் இறுதியாக வரும் செடியில் வெளி மரபணு இல்லாமலே செடியின் சொந்த மரபணுவில் ஓர் எழுத்தை அழித்தோ மாற்றியோ விடலாம். 2024-இல் சீன ஆராய்ச்சியாளர்கள், சர்க்கரைச் சேர்க்கைக்குக் கடிவாளம் போடும் இரண்டு மரபணுக்களை இப்படி முடக்கினார்கள். பழத்தின் எடையோ விளைச்சலோ குறையாமல் குளுக்கோஸும் பிரக்டோஸும் 30 சதவீதம் வரை கூடின. பெரிய பழம் என்றால் சப்பென்றுதான் இருக்கும் என்ற பழைய விதி ஆட்டம் கண்டது. ஜப்பானில் 2021 முதல் திருத்தப்பட்ட தக்காளி ஒன்று விற்பனையில் இருக்கிறது. அது ருசிக்காக இல்லை, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் காபா என்ற பொருளைக் கூட்டுவதற்காக. இந்தியாவும் 2022-இல் வெளி மரபணு சேராத திருத்தங்களுக்கு விதிகளைத் தளர்த்தியது. 2025-இல் அப்படி உருவான இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். தக்காளியும் அந்த வழியில் இங்கே வரும் என்றே நினைக்கிறேன். வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னைக் கேட்டால், பிகேஎம்-1 போன்ற ருசியான ரகத்தை எடுத்து, அந்தத் தாழ்ப்பாள் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்பேன். ஆனால் நடக்கப்போவது என்ன? லாரிக்காக உருவாக்கிய சப்பைத் தக்காளியை எடுத்து இன்னும் பத்து நாள் நீட்டுவார்கள். தக்காளி வாங்கும் மொத்த வியாபாரி எடைக்கும் இருப்புக்கும்தான் காசு கொடுக்கிறார். அது மாறாதவரை இடுக்கியால் செய்தாலும் கிரிஸ்பரால் செய்தாலும் கிடைப்பது ஒரே பழம்தான்.

ஆகவே எந்த முறை மேல் என்ற கேள்விக்கு என் பதில் இது: இருப்பை மட்டும் கேட்டால் இரண்டு முறையும் தருகின்றன. ருசி கெடாமல் இருப்பை நீட்டுவதற்குத் துல்லியமாகத் தொடும் முறைகளுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இன்று உங்கள் கைக்கு எட்டும் தக்காளிகளில் ருசி உள்ளது பழைய முறையில் வந்த, வெடிப்பு விழும் அந்த நாட்டுப் பழம்தான்.

ரகத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் வழியில் நடக்கும் அநியாயம் கண்ணில் படாது. வெளியூர்த் தக்காளியைச் செங்காயாகவே பறிக்கிறார்கள், காம்படியில் லேசாக நிறம் கண்டதும் பெட்டிக்குள் போய்விடும். செடியோடு இருந்தால் கடைசி நாட்களிலும் இலையிலிருந்து சர்க்கரை இறங்கும். பெட்டிக்குள் நிறம் மட்டும் ஏறும். பிறகு நம் பங்கு, குளிர்சாதனப் பெட்டி. தக்காளி வெயில் நாட்டுப் பயிர், 12 டிகிரிக்குக் கீழே அது மரத்துப்போகும். 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழத்தில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் வாயடைத்துப் போவதையும், வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தாலும் முழுதாக மீளாததையும் 2016-இல் புளோரிடாவில் காட்டினார்கள். ருசியான ரகத்தை வாங்கி அங்கே வைத்தால் அதுவும் பெங்களூராகிவிடும்.

உங்கள் ஊரில் இருந்தால் நான் செய்வது இதுதான். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோ என்று வாங்காமல், உழவர் சந்தையில் காலை நேரத்தில் அரைக் கிலோவாக, பாதி பழுத்ததும் பாதி செங்காயுமாகக் கலந்து எடுப்பேன். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மூங்கில் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அடுப்பங்கரையில் வெயில் படாத மூலையில் வைப்பேன். பழுத்தது முதல் இரண்டு நாள் ரசத்துக்கும் பச்சடிக்கும், செங்காய் அதற்குள் திரும்பிவிடும். முற்றிப் பழுத்து மிச்சமானால் மட்டும் குளிர்ப்பெட்டி. அழுகவிடுவதற்கு அது மேல். கெட்டித் தக்காளியும் எனக்குப் பகையில்லை. குருமாவுக்கும் தொக்குக்கும் அந்தச் சதை நன்றாகச் சேரும், நீரும் சீக்கிரம் சுண்டும்.

சித்திரை வைகாசியில் நாட்டுப் பழம் சிவக்காமல் மஞ்சளாக நின்றால் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முப்பது டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்படும், மஞ்சள் நிறமி மட்டும் தொடரும். அக்கினி நட்சத்திரம் பழத்தின் நிறத்திலும் கை வைக்கிறது.

மாடியில் வளர்க்க இடம் இருந்தால் பிகேஎம்-1 விதையைப் பல்கலைக்கழக விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். ஒரு முறை கடையொன்றில் அதே பெயர் போட்ட பொட்டலத்தை வாங்கி, நூறு நாள் தண்ணீர் ஊற்றி, முட்டை வடிவத்தில் கெட்டிப் பழம் பறித்தவன் நான். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் நாற்று விடுங்கள், மாசி முடிவதற்குள் முதல் பழம் சிவக்கும். காம்பருகே பச்சை மங்கி, கையை வைத்தாலே கழன்று வரும் நாளில் பறித்து, கழுவாமல் அப்படியே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். இது ஒட்டு இல்லை என்பதால் அந்தப் பழத்தின் விதையையே சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுத்த கார்த்திகைக்கு எடுத்து வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிடி கொடுங்கள்.